ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: விளையாட்டுக் கம்ப்யூட்டரின் பாகங்களைச் சிக்கனமாக மாற்றுவது எப்படி?

(கண்டரமாணிக்கம் மொத்த வணிகர் ஒருவர் எழுதுவது)



2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது முதல், பேரேடும் சிட்டையும் எழுதி வந்த நம் கைகள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று. இன்று காரைக்குடி, திருப்பத்தூர் மட்டுமல்ல, நம் கண்டரமாணிக்கம் போன்ற சிற்றூர்க் கடைகளிலும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பகலில் அது பில் போடுகிறது. இரவில் கடை சாத்திய பிறகு, பல வீடுகளில் அதே கம்ப்யூட்டரில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேம் ஆடுகிறார்கள். சில நாட்களில், "இது ரொம்ப மெதுவாக இருக்கிறது, புதுக் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தாருங்கள்" என்ற விண்ணப்பம் வந்து சேருகிறது.

இந்த விண்ணப்பத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. கேம் ஆடுவதற்கென்றே அமைத்த கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் அரை லட்சத்தைத் தாண்டுகிறது. கிலோவுக்கு இரண்டு ரூபாய் நிகர லாபத்தில் சர்க்கரை விற்கும் ஒருவர், ஐம்பதாயிரம் ரூபாய் சம்பாதிக்க 25 டன் சர்க்கரை விற்க வேண்டும். 50 கிலோ மூட்டையில் சொன்னால் 500 மூட்டை. அத்தனை மூட்டையை ஏற்றி இறக்கிய உழைப்பை ஒரே நாளில் கொட்டுவதற்கு முன், இருக்கிற கம்ப்யூட்டரிலேயே எந்தப் பாகத்தை மாற்றினால் போதும் என்று பார்ப்பதுதான் வணிகர் புத்தி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பழைய வீட்டைப் பிரித்தவர்கள் அதைக் குப்பை என்று தள்ளிவிடுவதில்லை. தூண் தனி, நிலை தனி, கதவு தனி, பூட்டு தனி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. மேசைக் கம்ப்யூட்டரும் அப்படித்தான். அது ஒரே பொருள் அல்ல. ஏழெட்டுப் பாகங்கள் சேர்ந்த கூட்டு. ஒன்று பழுதானாலோ, வேகம் போதாமல் போனாலோ, அதை மட்டும் கழற்றி மாற்றலாம். மடிக்கணினியில் இந்த வசதி மிகக் குறைவு. அதனால் இக்கட்டுரை மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்போருக்கு மட்டுமே.

எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்லும் பெயர்கள் நமக்குக் குழப்பமாக இருக்கலாம். நம் கடையோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

புராசஸர் என்பது கணக்குப்பிள்ளை. எல்லாக் கணக்கையும் போடுவது அவர்தான். ரேம் என்பது அவர் முன்னால் இருக்கும் மேசை. மேசை பெரிதாக இருந்தால் பல நோட்டுகளை ஒரே நேரத்தில் விரித்து வைத்து வேலை பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க், அல்லது அதன் புது வடிவமான எஸ்.எஸ்.டி., கிட்டங்கி. சரக்கெல்லாம் அங்கே இருக்கும். வேண்டியபோது எடுத்து மேசைக்குக் கொண்டுவர வேண்டும். கிராபிக்ஸ் கார்டு என்பது திரையில் தெரியும் படங்களை வரையும் தனி ஆள். பில் போடுவதற்கு இவருக்கு வேலையே இல்லை. கேம் ஆடும்போது முக்கால்வாசிப் பாரம் இவர் தலையில்தான். மதர்போர்டு என்பது கடைக் கட்டடம். எத்தனை பேர் உட்காரலாம், எந்த அளவு மேசை போடலாம் என்பதை அது தீர்மானிக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கிப் பெட்டி எல்லோருக்கும் சோறு போடும் சமையற்கட்டு.

இவற்றில் எது தளர்ந்திருக்கிறதோ, அதன் வேகம்தான் முழுக் கம்ப்யூட்டரின் வேகம். கடையில் நான்கு பேர் சரக்கு நிறுத்துப் போட்டாலும் பில் எழுதுபவர் ஒருவர் என்றால் கூட்டம் பில் மேசையில்தான் நிற்கும். அங்கே இன்னொரு தராசு வாங்கி வைத்து என்ன பயன்? ஆகவே, எதையும் வாங்கும் முன் நெரிசல் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நெரிசலைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்குக் காசு தேவையில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் புராசஸர், ரேம், டிஸ்க், கிராபிக்ஸ் ஆகியவை எத்தனை சதவீதம் வேலையில் இருக்கின்றன என்று காட்டும். பையனை வழக்கமாக ஆடும் கேமைப் பத்து நிமிடம் ஆடச் சொல்லி, நடுவில் இதைப் பாருங்கள்.

கிராபிக்ஸ் 95 சதவீதத்துக்கு மேல் நின்று, மற்றவை சும்மா இருந்தால், தளர்ந்தது கிராபிக்ஸ் கார்டு. கிராபிக்ஸ் பாதி வேலையில் இருக்க, புராசஸர் முட்டி நின்றால், தளர்ந்தது கணக்குப்பிள்ளை. ரேம் 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் மேசை போதவில்லை. டிஸ்க் 100 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்தால் கிட்டங்கியில் ஆள் போதவில்லை. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கடைக்குப் போகும்போது அந்தத் தாள்தான் நம் கையில் இருக்கும் எடைக்கல். அது இல்லாமல் போனால், கடைக்காரரிடம் தேங்கிய சரக்கு எதுவோ அது நம் தலையில் கட்டப்படும். சரக்குத் தள்ளிவிடும் கலை நமக்குத் தெரியாததா என்ன!

பணம் செலவில்லாத திருத்தங்கள்

பாகம் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியவை சில உண்டு. பல கம்ப்யூட்டர்கள் இவற்றிலேயே சரியாகிவிடும்.

முதலாவது, தூசி. மளிகைக் கடைத் தூசி சாதாரணத் தூசி அல்ல. மிளகாய் வற்றல், மாவு, சாக்கு நூல் எல்லாம் கலந்தது. அது புராசஸரின் மேல் உள்ள மின்விசிறியில் மெத்தை போல் படிந்துவிடுகிறது. சூடு 90 டிகிரியைத் தாண்டும்போது, புராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின் இணைப்பைத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, மென்மையான தூரிகையால் துடைத்து, புராசஸருக்கும் அதன் உலோகக் குளிர்விப்பானுக்கும் இடையே பூசும் பசையைப் புதுப்பித்தாலே நல்ல மாற்றம் தெரியும். நம் சிவகங்கைச் சீமை வெயிலில் ஆண்டுக்கு இருமுறை இதைச் செய்வது நல்லது.

இரண்டாவது, திரையின் வயர். கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்ட பிறகும் திரையின் வயரை மதர்போர்டிலேயே செருகி வைத்திருப்பவர்கள் உண்டு. அப்படி இருந்தால் வாங்கிய கார்டு வேலையே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும். வயர், கார்டின் பின்புறத்தில்தான் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ரேமின் வேகம். 3200 என்று அச்சிட்ட டி.டி.ஆர்.4 ரேம், பல கம்ப்யூட்டர்களில் 2133 அல்லது 2400 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் 'எக்ஸ்.எம்.பி.' என்ற ஒன்றை இயக்கினால், மதர்போர்டும் புராசஸரும் தாங்கும் பட்சத்தில் முழு வேகம் வரும்.

நான்காவது, கேமின் அமைப்பு. நிழல், தண்ணீர்ப் பிரதிபலிப்பு போன்ற அலங்காரங்களைக் குறைத்தால் பாரம் பெருமளவு குறையும். ஏ.எம்.டி. நிறுவனம் 2021 ஜூனில் வெளியிட்ட 'எப்.எஸ்.ஆர்.' என்னும் நுட்பம், சிறிய அளவில் படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டுகிறது. போட்டி நிறுவனமான என்விடியாவின் பழைய கார்டுகளிலும் இது வேலை செய்யும் என்பது சிறப்பு. கேமுக்குள்ளேயே இதற்கான வசதி இருந்தால் இயக்கிப் பார்க்கலாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாதாரணத் திரை வினாடிக்கு 60 படங்களைத்தான் காட்டும். கார்டு 150 படம் வரைந்து கொடுத்தாலும் அந்தத் திரையில் கண்ணுக்குத் தெரிவது 60தான். உழக்கை வைத்துக்கொண்டு ஒரே தடவையில் ஒரு படி அளக்க முடியாது. எனவே, திரை எவ்வளவு காட்டும் என்று தெரிந்துகொண்டு கார்டு வாங்க வேண்டும்.

முதல் செலவு: எஸ்.எஸ்.டி.

பணம் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால், முதல் செலவு இதுவாக இருக்கட்டும். இன்னமும் சுழலும் ஹார்ட் டிஸ்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு இதைவிடச் சிறந்த மருந்து வேறில்லை. ஹார்ட் டிஸ்க் வினாடிக்குச் சுமார் 100 முதல் 150 மெகாபைட் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 மெகாபைட் படிக்கும். என்.வி.எம்.இ. வகை 3000க்கும் மேல். அதைவிட முக்கியம், ஹார்ட் டிஸ்கில் ஓர் ஊசி சுழலும் தட்டின் மேல் இங்கும் அங்கும் அலைந்து தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் அந்த அலைச்சலே இல்லை.

இந்தச் செலவில் இரட்டை லாபம் உண்டு. பையனின் கேம் சீக்கிரம் திறக்கும். காலையில் நம் பில்லிங் மென்பொருளும் சீக்கிரம் திறக்கும். இப்போது சில கேம்கள் எஸ்.எஸ்.டி. இல்லாமல் சரியாக ஓடா. 2020 டிசம்பரில் வந்த 'சைபர்பங்க் 2077' என்னும் கேமுக்கு, 2023க்குப் பிறகு எஸ்.எஸ்.டி. குறைந்தபட்சத் தேவையாகவே அறிவிக்கப்பட்டுவிட்டது. ஆனால், வினாடிக்கு எத்தனை படம் வரும் என்பதை எஸ்.எஸ்.டி. பெரிதாக மாற்றாது. அது கிட்டங்கி ஆள்தான், வரைபவர் அல்ல. பத்தாண்டுக்கு முந்தைய மதர்போர்டில் பெரும்பாலும் என்.வி.எம்.இ. செருகும் இடம் இராது. அதற்குச் சாட்டா வகையே பொருந்தும்.

ரேம்: சந்தை நிலவரம் பார்த்து வாங்க வேண்டிய சரக்கு

பில் போட 8 ஜி.பி. தாராளம். இன்றைய கேம்களுக்கு 16 ஜி.பி. நிம்மதி. ஒரே 16 ஜி.பி. துண்டைவிட, இரண்டு 8 ஜி.பி. துண்டுகளை உரிய இடங்களில் செருகினால் வேகம் கூடும். இரு வாசல் உள்ள கிட்டங்கியில் சரக்கு விரைவாக இறங்குவதைப் போல. தனிக் கார்டு இல்லாமல் புராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று செருகாது. பல்வெட்டு வேறு, மின்னழுத்தம் வேறு. பழைய துண்டைக் கழற்றிக் கையோடு கொண்டு போய்க் காட்டி வாங்குவதே சரி.

விலை விஷயத்தில் நம் வணிகர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். உலகில் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான். செயற்கை அறிவுக்கான பெரிய தரவு மையங்கள் மொத்தமாக ஆர்டர் கொடுக்கத் தொடங்கியதும், இம்மூவரும் தம் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. சில்லறை வாடிக்கையாளருக்கு 'குருஷியல்' என்ற பெயரில் விற்று வந்த வியாபாரத்தையே நிறுத்துவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆலை முழுவதையும் ஒரு பெரிய ஏற்றுமதியாளர் எடுத்துக்கொண்டால் உள்ளூர்ச் சந்தையில் துவரம்பருப்பு என்ன விலை விற்கும்? அதே கதைதான். ஆகவே, கையில் இருக்கும் டி.டி.ஆர்.4 ரேமை வீணாக்காமல் அதைச் சுற்றியே திட்டம் போடுவது சிக்கனம். புது ரேம் கேட்கும் புது மதர்போர்டுக்குத் தாவினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

மின்வழங்கி: சிக்கனம் பார்க்கக் கூடாத இடம்

எல்லோரும் காசு மிச்சம் பிடிப்பது எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில்தான். அங்கேதான் மிச்சம் பிடிக்கக் கூடாது. பெயர் தெரியாத பெட்டியின் மேல் '450 வாட்' என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பாரம் ஏறினால் தாங்காது. அது போகும்போது மதர்போர்டையும், கார்டையும், சில நேரம் கணக்கு இருக்கும் டிஸ்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சமையற்கட்டில் தீப்பிடித்தால் கடையும் சேர்ந்துதானே எரியும்?

கணக்கு எளிது. 65 வாட் புராசஸர், 132 வாட் கிராபிக்ஸ் கார்டு, மற்றவற்றுக்கு 50 அல்லது 60 வாட். மொத்தம் சுமார் 250. இதற்கு, '80 பிளஸ்' சான்று பெற்ற, பெயருள்ள நிறுவனத்தின் 450 அல்லது 500 வாட் பெட்டி போதும். இருமடங்கு அருகே வைத்துக்கொண்டால் சூடு குறையும், ஆயுள் கூடும். 750, 850 என்று வாங்குவது வீண்.

யு.பி.எஸ். பற்றியும் ஒரு சொல். கடைகளில் பெரும்பாலும் இருப்பது 600 வி.ஏ. வகை. அது தருவது சுமார் 360 வாட்தான். கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து, பேட்டரியும் பழையதாக இருந்தால், கேம் உச்சத்தில் இருக்கும்போது மின்சாரம் போனால் யு.பி.எஸ். தாங்காமல் அணைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு போடுவதாக இருந்தால், 1000 வி.ஏ. அளவுக்குப் போவது நல்லது. பழைய வீடுகளில் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று மின் பணியாளரிடம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மின் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 250 வாட், நாளுக்கு 4 மணி நேரம் என்றால் 1 யூனிட். இரு மாதத்துக்கு 60 யூனிட். நம் இருமாதக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், இந்த 60 யூனிட் மேல்படியில் போய் உட்காரும்.

கிராபிக்ஸ் கார்டு: பணத்தில் பாதி இங்கே

கேமுக்காகச் செலவிடும் தொகையில் பாதியை இதற்கு ஒதுக்குவது பொருத்தம். பிள்ளை ஆடுவது எந்தக் கேம் என்று முதலில் கேளுங்கள். 2020இல் வந்த 'வேலரண்ட்' மிக லேசானது. 2023 செப்டம்பரில் வந்த 'கவுண்டர் ஸ்டிரைக் 2' சற்றுக் கனம். 'சைபர்பங்க்' போன்றவை நல்ல கனம். லேசான கேமுக்குக் கனமான கார்டு வாங்குவது, கால் கிலோ சீரகம் நிறுக்க லாரி எடைமேடை கட்டுவது போல.

மதர்போர்டின் செருகுவாயில் இருந்து கார்டுக்குக் கிடைப்பது 75 வாட். அதற்குள் அடங்கும் கார்டு என்றால் தனி மின் வயர் வேண்டியதில்லை. 2019இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 வகையில் பல கார்டுகளும், 2024 பிப்ரவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 வகையின் 6 ஜி.பி. கார்டும் இப்படிப்பட்டவை. நிறுவனங்கள் விற்ற பழைய அலுவலகக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவர்களுக்கு இவை ஏற்றவை, ஏனெனில் அவற்றின் மின்பெட்டி சிறியது, மாற்றவும் கடினம். நல்ல மின்பெட்டி உள்ளவர்கள், 2021 அக்டோபரில் வந்த ஆர்.எக்ஸ். 6600 போன்ற 8 ஜி.பி. கார்டைப் பார்க்கலாம். அது 132 வாட் எடுக்கும். 8 ஊசி மின் வயர் ஒன்று வேண்டும். அது மின்பெட்டியில் இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். கார்டின் நீளத்தையும் பெட்டிக்குள் உள்ள இடத்தையும் நாடாவால் அளந்து கொள்ளுங்கள்.

புராசஸர்: கட்டடத்துக்கு ஏற்ற ஆள்

புராசஸர் உட்காரும் இடத்துக்கு 'சாக்கெட்' என்று பெயர். சாக்கெட் பொருந்தாவிட்டால் மதர்போர்டையும் மாற்ற வேண்டிவரும். பிறகு ரேமும் மாறும். அத்தோடு சிக்கனம் போயிற்று.

இந்த வகையில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 சாக்கெட் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். 2017இல் வந்த முதல் ரைசன் முதல், 2020இல் தொடங்கிய ரைசன் 5000 வரிசை வரை அதே சாக்கெட்தான். பழைய மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால், பல பலகைகளில் 2022இல் வந்த ரைசன் 5 5600 வரை போடலாம். அது 65 வாட்தான். ஆனால் உங்கள் பலகை ஏற்கிறதா என்பதை அதைத் தயாரித்த நிறுவனத்தின் பட்டியலில் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே வாங்க வேண்டும். பயாஸைப் புதுப்பித்த பின்புதான் பழைய புராசஸரைக் கழற்ற வேண்டும். இந்த வரிசை மாறினால் திரை எழும்பாது.

இன்டெல் நிறுவனம் பெரும்பாலும் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றிவிடும். 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு ஒரே சாக்கெட். ஆனால் 2013 வாக்கில் வந்த 4ஆம் தலைமுறை வைத்திருப்பவர், ஐ5 இடத்தில் பழைய ஐ7 ஒன்றைப் போடலாமே தவிர, அதற்கு மேல் வழியில்லை. இன்டெல் எண்ணின் முடிவில் 'எப்' என்ற எழுத்து இருந்தால், அதில் உள்ளிணைந்த கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது.

இரண்டு மாதிரிக் கணக்கு

ஒருவரிடம் இன்டெல் 4ஆம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3, ஹார்ட் டிஸ்க், தனிக் கார்டு இல்லை என்று வைத்துக்கொள்வோம். இவர் சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றும், பயன்படுத்திய 75 வாட் கார்டு ஒன்றும் வாங்கி, அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இரண்டையும் நாளை வேறு கம்ப்யூட்டருக்கு எடுத்துப் போகலாம். இந்தப் பலகைக்கென்றே பணம் போட்டால் அது திரும்பாது.

இன்னொருவரிடம் ரைசன் முதல் தலைமுறை, 8 ஜி.பி. டி.டி.ஆர்.4, எஸ்.எஸ்.டி., பழைய கார்டு இருக்கிறது. இவர் முதலில் இன்னொரு 8 ஜி.பி. துண்டு, அடுத்து தரமான மின்பெட்டி, பிறகு கார்டு, கடைசியாக ரைசன் 5 5600 என்று, மூன்று நான்கு மாத இடைவெளியில் ஒவ்வொன்றாக வாங்கலாம். ஒவ்வொரு முறையும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்து, நெரிசல் எங்கே நகர்ந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். போதும் என்று தோன்றிய இடத்தில் நிறுத்திவிடலாம். கழற்றிய பாகங்களை உடனே விற்றுவிட வேண்டும். தேங்கும் சரக்குக்கு விலை இறங்கத்தான் செய்யும்.

நாம் கடைப்பிடிக்கச் சொல்லும் பொது விதி ஒன்று: பாகங்களுக்கு ஆகும் மொத்தச் செலவு, அதே திறமுள்ள முழுக் கம்ப்யூட்டரின் விலையில் பாதியைத் தாண்டினால், பழையதை ஒட்டுப்போடுவதை நிறுத்திவிடுங்கள்.

பழைய சரக்கு வாங்கும்போது

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு, பெங்களூர் எஸ்.பி. ரோடு, டெல்லி நேரு பிளேஸ் ஆகியவை இந்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடங்கள். புதியதும் பழையதும் கிடைக்கும். ஒரே ஒரு ரேம் துண்டுக்காக இங்கிருந்து சென்னைக்கு வண்டி ஏறுவதில் பொருளில்லை. வேறு கொள்முதலோடு சேர்த்துப் போனால் சரி. காரைக்குடியிலும் மதுரையிலும் விலை கேட்டுவிட்டு, பேருந்துக் கட்டணத்தையும் ஒரு நாள் வியாபாரத்தையும் கழித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பழைய கிராபிக்ஸ் கார்டில் ஒரு வரலாறு உண்டு. மின்காசு தோண்டுவதற்காக இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள், 2022 செப்டம்பர் 15இல் எத்தீரியம் என்னும் மின்காசு தன் முறையை மாற்றிக்கொண்டதும், உலகெங்கும் பழைய சந்தையில் வந்து குவிந்தன. அவை எல்லாம் கெட்டவை அல்ல. ஆனால் விசிறியும் பசையும் தேய்ந்திருக்கும். பழைய சில்லுக்குப் புதுப்பெயர் சூட்டிய போலிக் கார்டுகளும் உண்டு. 'ஜி.பி.யு.-இசட்' என்னும் இலவச மென்பொருள், பல போலிகளை அடையாளம் காட்டிவிடும். எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தையும் ஓடிய மணி நேரத்தையும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' காட்டும். விற்பவர் முன்னிலையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். பாக்கி உத்தரவாதம் இருந்தால், தொடர் எண் குறித்த மூல பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

மின்பெட்டியையும் டிஸ்கையும் பழையதாக வாங்க வேண்டாம் என்பதே நம் ஆலோசனை. ரேம், புராசஸர் இரண்டையும் சோதித்துப் பார்த்துப் பழையதாக வாங்கலாம்.

கடைக் கணக்குக்கு ஆபத்து வராமல்

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. கேம் மெதுவாக ஓடினால் பிள்ளைக்கு வருத்தம். கணக்கு போனால் கடைக்கே ஆபத்து.

காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டுக் கேம்களோடு சேர்ந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு நிரல்களும் வரக்கூடும். 2017 மே 12 அன்று பரவிய 'வான்னாக்ரை' 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்காமல் விட்டவர்களே பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான இலவசப் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. தனிநபர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் என்று நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல் 8ஆம் தலைமுறையோ, ரைசன் 2000 வரிசையோ, அதற்குப் பிந்தையதோ வேண்டும். எனவே பாகம் வாங்கும் முன் இதையும் மனத்தில் கொள்ளுங்கள். மேலே சொன்ன முதல் மாதிரிக் கம்ப்யூட்டர் கேமுக்கு ஓடினாலும், கடைக் கணக்குக்கு இனி ஏற்றதல்ல.

முடிந்தவரை கணக்குக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என்று பிரித்து வையுங்கள். முடியாவிட்டால், குறைந்தபட்சம் தனித்தனி டிஸ்கும், பிள்ளைக்கு மென்பொருள் நிறுவும் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கும் அமையுங்கள். தினமும் கடை சாத்தும் முன் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றும் முன்னும் இரண்டு பிரதி எடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை விற்காதீர்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளில் இருந்து 72 மாதங்கள் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். அந்த டிஸ்க் பெட்டகத்தில் இருக்க வேண்டிய பேரேடு.

வரி விஷயமும் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் பாகங்களுக்கு வரி 18 சதவீதம். கடை உபயோகத்துக்கு வாங்கிய எஸ்.எஸ்.டி., யு.பி.எஸ். ஆகியவற்றுக்கு, நம் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் இருந்தால், சாதாரண முறையில் வரி கட்டுவோர் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். 10,000 ரூபாய்ப் பொருளில் 1,800 ரூபாய் மிச்சம். இணக்க முறையில் இருப்போருக்கு இது இல்லை. பிள்ளையின் கேமுக்காக வாங்கிய கிராபிக்ஸ் கார்டைக் கடைக் கணக்கில் ஏற்றி உள்ளீட்டு வரி எடுப்பது சட்டப்படி கூடாது. சொந்த உபயோகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு நோட்டீஸ் வாங்க வேண்டாம்.

கடைசியாக, நம் வீட்டுப் பிள்ளைகளை இந்த வேலையில் பங்காளியாக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். எந்தப் பாகம் தளர்ந்தது, அதற்கு என்ன விலை, பழையதை எவ்வளவுக்கு விற்கலாம், மின் கட்டணம் எவ்வளவு ஏறும் என்று அவர்களையே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று கடையில் விலை விசாரிக்கச் சொல்லுங்கள். கொள்முதல், தேய்மானம், உத்தரவாதம், மறுவிற்பனை என்று வணிகத்தின் அரிச்சுவடி முழுவதும் அந்த ஒரு தாளில் வந்துவிடும். சரியாகக் கணக்குப் போட்டு வந்த பிள்ளைக்கு, கேட்ட பாகத்தை மகிழ்ச்சியோடு வாங்கிக் கொடுக்கலாம். நாளை கல்லாவில் உட்கார ஓர் ஆள் தயாராகிறார் என்று அர்த்தம்.